காரின் கணினி பதில் சொல்லாதபோது: யுஎஸ்பி சீரியல் அடாப்டரின் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

காரின் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியுவோடு யுஎஸ்பி சீரியல் அடாப்டர் வழியே மடிக்கணினியை இணைக்க முயலும்போது திரையில் வரும் செய்தி பெரும்பாலும் "இணைக்க முடியவில்லை" என்பதோடு நின்றுவிடுகிறது. டிரைவர் (அடாப்டரைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) சரியில்லை என்றாலும், அடாப்டரின் பிளக்கில் ஒரு பின் விட்டுப்போயிருந்தாலும், காரின் சாவி திருப்பப்படாமல் இருந்தாலும் அதே செய்திதான் வருகிறது. அதனால்தான் பலர் பழுது காரில் இருக்கும்போது டிரைவரை நான்கு முறை அழித்து நிறுவுகிறார்கள். டிரைவரில் சிக்கல் இருக்கும்போது காரின் ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள்.

இந்தப் பாதையை மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணினியிலிருந்து அடாப்டருக்குள் இருக்கும் யுஎஸ்பி சிப் வரை முதல் துண்டு. அந்தச் சிப்பிலிருந்து, காரின் சாக்கெட்டில் செருகும் 16 பின் பிளக்கின் முனை வரை இரண்டாவது. பிளக்கிலிருந்து காரின் வயர் வழியாக இசியு வரை மூன்றாவது. எந்தத் துண்டில் பேச்சு நின்றுபோகிறது என்பது தெரியும் வரை எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம். கீழே உள்ள அறிகுறிகள் இந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

தொடங்கும் முன்: கையில் இருப்பது எந்த வகை?

யுஎஸ்பி வழியே காரோடு பேசும் மலிவான அடாப்டர்கள் இரண்டு வகை. ஒன்று, கேகேஎல் கேபிள் என்று விற்கப்படுவது. இதற்குள் ஒரு யுஎஸ்பி சீரியல் சிப்பும், அதன் சிறிய மின்னழுத்தத்தைக் காரின் 12 வோல்ட் கே லைனுக்கு, அதாவது இசியுவோடு பேசும் ஒற்றைக் கம்பிக்கு, ஏற்ப மாற்றும் சுற்றும் மட்டுமே உண்டு. காரோடு எப்படிப் பேச வேண்டும், எந்தக் கணத்தில் எந்த பைட்டை அனுப்ப வேண்டும் என்ற வேலை முழுவதையும் கணினியில் ஓடும் மென்பொருளே செய்கிறது. மற்றொன்று எல்ம்327 வகை. இதில் தனியாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருந்து நேரக் கணக்குகளைத் தானே பார்த்துக்கொள்கிறது. கணினி எளிய எழுத்துக் கட்டளைகளை அனுப்பினால் போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் கீழே படித்தால் பாதி அறிவுரைகள் பொருந்தாமல் போகும்.

அடுத்து, காரின் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓபிடி எனப்படும் இந்தக் கண்டறி சாக்கெட்டில் 16 இடங்கள் இருந்தாலும் எல்லாவற்றிலும் உலோகம் இருக்காது. 4, 5 ஆகியவை கிரவுண்ட். 16 பேட்டரியின் நேர்முனை. 7ஆம் இடத்தில் உலோகம் இருந்தால் அது கே லைன். 6, 14 ஆகிய இரண்டிலும் இருந்தால் அவை கேன் இணைப்பு, அதாவது காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி வலையமைப்பு. அமெரிக்காவில் 1996 முதல் ஓபிடி2 கட்டாயமாயிற்று; ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் அதற்கு இணையான விதி வந்தது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் கேன் கட்டாயம். 6, 14 மட்டும் இருந்து 7 காலியாக உள்ள காரில் கேகேஎல் கேபிளை மாட்டினால் எந்த மென்பொருளாலும் பேச முடியாது; அந்தக் கேபிளில் கேன் வயரே கிடையாது. திருத்தக்கூடிய பழுது என்று நினைத்து இதில் நாள்களைச் செலவழிக்காதீர்கள், அடாப்டரை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்பது பின் கொண்ட சாதாரண ஆர்எஸ்232 கேபிளையோ, மின்னணுச் சோதனைகளுக்கான 5 வோல்ட் யுஎஸ்பி சீரியல் பலகையையோ நேரடியாகக் கே லைனில் ஒட்டக் கூடாது. கே லைன் ஓய்வில் இருக்கும்போது பேட்டரி மின்னழுத்தத்துக்கு அருகே நிற்கும். 5 வோல்ட் பலகை அந்த இடத்திலேயே கருகும். ஆர்எஸ்232 எதிர்மறை மின்னழுத்தமும் தருவதால் இசியுவின் உள்ளீட்டையே கெடுக்கக்கூடும். இடையில் எல்9637 போன்ற கே லைன் சிப் ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

அறிகுறி 1: கணினியில் போர்ட் எண்ணே தோன்றவில்லை

இந்தச் சோதனைக்குக் கார் தேவையில்லை. யுஎஸ்பி சிப்புக்கு மின்சாரம் கணினியிலிருந்தே கிடைப்பதால், மேசையில் உட்கார்ந்து கேபிளைச் செருகினாலே போர்ட் தோன்ற வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள், எடுங்கள், மறுபடி செருகுங்கள். பட்டியலில் எந்த அசைவும் இல்லையென்றால் வயரிலோ சிப்பிலோதான் பழுது. கழற்றி மாட்டும் யுஎஸ்பி வயர் கொண்ட அடாப்டராக இருந்தால், அது சார்ஜ் மட்டும் ஏற்றும் வயரா என்று முதலில் பாருங்கள். அவ்வகை வயர்களில் தரவுக்கான இரண்டு கம்பிகள் இருக்காது.

அசைவு இருந்து மஞ்சள் குறி வந்தால், அந்தப் பிழையின் எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 43 என்றால் பெரும்பாலும் சாதனம் தன்னைப் பற்றிய விவரத்தைச் சரியாகத் தரவில்லை. வேறு யுஎஸ்பி வாயிலிலும், இடையில் ஹப் இல்லாமலும் முயன்ற பிறகும் அதுவே வந்தால் சிப்போ அதன் சாலிடரோ போயிருக்கிறது. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப் கொண்ட பழைய கேபிள்களில் இந்த 10 அடிக்கடி வரும். உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய வகைகளைப் புதிய டிரைவர்கள் ஏற்பதில்லை. 2012 முதல் இந்தச் சிப் கைவிடப்பட்டது என்ற வாசகமே பெயர் இருக்கும் இடத்தில் தெரியும். அந்தச் சிப்பை ஏற்கும் பழைய டிரைவர் பதிப்பைத் தேர்ந்து, விண்டோஸ் அதைத் தானாகப் புதுப்பிக்காதபடி தடுத்தால் கேபிள் மீண்டும் வேலை செய்யும்.

எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பில் இன்னொரு கதை உண்டு. அதன் எஃப்டி232 சிப்புக்குப் போலிகள் ஏராளம். 2014இல் வெளிவந்த ஒரு டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் தயாரிப்பு அடையாள எண்ணைப் பூச்சியமாக மாற்றி எழுதியது. அதன் பிறகு வழக்கமான டிரைவர் எதுவும் அந்தக் கேபிளை அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் வந்த பதிப்பு, சிப் அசலானதல்ல என்று சொல்லும் ஓர் ஆங்கில வாசகத்தையே தரவுக்குள் செருகியது. முன்பு வேலை செய்த கேபிள் திடீரென இறந்துபோனதாகத் தெரிந்தால், அடையாள எண் 0403, 6001 என்று இருக்கிறதா, இரண்டாவது எண் 0000 ஆகிவிட்டதா என்று பாருங்கள். எண்ணை மீட்டெழுத முடியும். ஆயினும் போலி சிப்பை வைத்துக்கொண்டு இசியுவில் எதையும் எழுதும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலிலேயே இருப்பதால் கேபிளைச் செருகியதும் கெர்னல் செய்திகளில் புதிய சீரியல் போர்ட்டின் பெயர் வர வேண்டும். பெயர் வந்த மறுநொடியே துண்டிக்கப்பட்டதாக இன்னொரு வரி வந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளைக் கையாளும் பிஆர்எல்டிடிஒய் சேவை போர்ட்டைப் பறித்துக்கொண்டிருக்கும். இன்னொரு யுஎஸ்பி சீரியல் சிப்பான சிஎச்340இன் அடையாள எண் ஒரு பிரெய்ல் கருவியின் எண்ணோடு ஒத்துப்போவதே காரணம், உபுண்டு 22.04இல் பலரும் இதில் சிக்கினார்கள். அந்தக் கணினியில் பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் இல்லையெனில் சேவையை நீக்கிவிடலாம். இருந்தால், அந்த ஒரு அடையாள எண்ணுக்கான விதியை மட்டும் நீக்குவதே முறை.

அறிகுறி 2: போர்ட் இருக்கிறது, மென்பொருள் அதைத் திறக்க மறுக்கிறது

சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரலே வைத்துக்கொள்ள முடியும். பின்னணியில் ஒளிந்திருக்கும் டெர்மினல் (போர்ட்டில் எழுத்துகளை நேரடியாக அனுப்பிப் பெறும் நிரல்), முன்பு சரியாக மூடாத கண்டறிமென்பொருள், லினக்ஸில் மோடம் மேனேஜர் ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள். லினக்ஸில் அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உள்நுழைந்த நிலையிலேயே தொடர்ந்தால் மாற்றம் நடைமுறைக்கு வராது.

விண்டோஸில் போர்ட் எண் 9ஐத் தாண்டிப்போயிருந்தால் பழைய மென்பொருள்கள் அதைத் திறக்கத் தெரியாமல் தவிக்கும். சில மென்பொருள்களின் பட்டியல் 4ஆம் எண்ணோடு முடிந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளில் எண்ணைக் குறைக்கலாம். வேறு யுஎஸ்பி வாயிலில் செருகினால் எண் மாறிவிடும் அடாப்டர்களும் உண்டு. எனவே ஒரே வாயிலைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: போர்ட் திறக்கிறது, எல்ம் அடாப்டர் மௌனமாக இருக்கிறது, அல்லது புரியாத எழுத்துகள் வருகின்றன

பல எல்ம் அடாப்டர்களில் யுஎஸ்பி சிப் கணினியின் மின்சாரத்திலும், மைக்ரோகன்ட்ரோலர் காரின் 16ஆம் பின்னிலிருந்து வரும் மின்சாரத்திலும் ஓடுகின்றன. ஆகவே மேசையில் போர்ட் தெரிந்தும் கட்டளைக்குப் பதில் வராமல் இருப்பது இயல்பே. காரில் மாட்டிய பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கண்டறிமென்பொருளை மூடிவிட்டு வெறும் டெர்மினலில் போர்ட்டைத் திறந்து, ஏ, டி, இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். அடாப்டர் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லி, அம்புமுனை போன்ற குறியைக் காட்ட வேண்டும். தாறுமாறான எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. எல்ம் வகைக்கு 38400, 9600 ஆகிய இரண்டுமே வழக்கமான வேகங்கள்; சில நகல்கள் 115200இல் பேசும். ஒவ்வொன்றாக முயலுங்கள், 8 தரவு பிட்டுகள், பாரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட் என்பது எல்லாவற்றுக்கும் பொது. எதுவுமே வரவில்லை என்றால், உங்கள் டெர்மினல் வரி முடிவாக எதை அனுப்புகிறது என்று பாருங்கள். எல்ம் எதிர்பார்ப்பது கேரேஜ் ரிட்டர்ன். வெறும் லைன் ஃபீட் அனுப்பும் டெர்மினலில் அடாப்டர் உங்கள் கட்டளை இன்னும் முடியவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கும். பதில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படுவது மட்டும்தான் சிக்கல் என்றால், ஏடி எல்1 என்ற கட்டளை அதைச் சரிசெய்யும்.

கேள்விக்குறி மட்டும் பதிலாக வந்தால் கட்டளை புரியவில்லை என்று பொருள். நகல் சிப்களில் இது அதிகம். எல்ம் நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆயினும் அந்த எண்ணைச் சொல்லும் அடாப்டர்கள் எங்கும் கிடைக்கின்றன. அதனால் பதிப்பு எண்ணை நம்புவதைவிட, உங்களுக்குத் தேவையான கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதே நம்பகமானது.

அறிகுறி 4: அடாப்டர் பேசுகிறது, கே லைன் காரில் தொடக்கமே தோற்கிறது

எல்ம் அடாப்டரில் "பஸ் இனிட் எரர்" என்றும், கேகேஎல் மென்பொருளில் "கட்டுப்பாட்டுக் கருவி பதில் தரவில்லை" என்ற வகையிலும் வரும் செய்தி இதுதான். பொறுமை அதிகம் தேவைப்படும் இடமும் இதுதான்.

முதலில் இக்னிஷன். 16ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வருவதால், சாவி இல்லாமலேயே அடாப்டரின் விளக்கு எரியும். அது இசியு விழித்திருப்பதற்கான அடையாளம் ஆகாது. டேஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும் நிலை வரை சாவியைத் திருப்ப வேண்டும். மாறாக, அடாப்டரின் விளக்கே எரியவில்லை என்றால் 16க்கும் 4க்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஓய்வில் உள்ள நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் தெரியும். பூச்சியம் என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது. பல கார்களில் இந்தச் சாக்கெட்டும் சிகரெட் லைட்டரும் ஒரே ஃபியூஸில் இருக்கும். 24 வோல்ட் லாரிகளில் கார் அடாப்டரை மாட்ட வேண்டாம்.

இரண்டாவது, எதிரொலிச் சோதனை. கே லைன் ஒற்றைக் கம்பி; அனுப்புவதும் பெறுவதும் அதிலேயே நடப்பதால், கேகேஎல் கேபிள் அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் அதற்கே திரும்பி வரும். அடாப்டரைக் காரில் மாட்டி, இக்னிஷனை அணைத்து வைத்து, டெர்மினலில் உள்ளூர் எதிரொலியை நிறுத்திவிட்டு ஓர் எழுத்தைத் தட்டுங்கள். அதே எழுத்து திரையில் வந்தால் சிப்பும் மின்னழுத்தம் மாற்றும் சுற்றும் நலம். வராவிட்டால், அந்தச் சுற்றுக்கு 12 வோல்ட் கிடைக்கவில்லை, அல்லது கே லைன் எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது, அல்லது டிரான்சிஸ்டர் போய்விட்டது.

ஆனால் எதிரொலி வந்தது என்பதற்காக இரண்டாம் துண்டு முழுவதும் சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது. எதிரொலி அடாப்டரின் பலகைக்குள்ளேயே திரும்பிவிடும். பிளக்கின் முனை வரை போய் வருவதில்லை. என்னிடம் வந்த ஒரு கேபிள் எதிரொலியை ஒழுங்காகக் காட்டியது, காரோ பேசவில்லை. பிளக்கின் உறையைத் திறந்து, பலகையின் கே லைன் முனைக்கும் 7ஆம் பின்னின் நுனிக்கும் இடையே மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையை வைத்தபோது ஒலி எழுந்தது. அப்படியே வயரை மெல்ல வளைத்தேன், ஒலி நின்றது. பின்னைச் சுற்றிய சாலிடரில் முடி அளவுக்கு வளையமாக ஒரு விரிசல். சாக்கெட்டுக்குள் அழுத்தி மாட்டும்போதெல்லாம் அது விலகியிருக்கிறது. சாலிடரை உருக்கி மறுபடி வைத்ததும் கார் முதல் முயற்சியிலேயே பதில் தந்தது. ஆகவே தொடர்ச்சியைச் சோதிக்கும்போது வயரை அசைத்துக்கொண்டே சோதியுங்கள்.

மூன்றாவது, தொடக்க அழைப்பு. ஐஎஸ்ஓ 9141-2 நெறிமுறையில் கணினி முதலில் பதினாறடிமான எண் 33 என்ற முகவரியை நொடிக்கு 5 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. ஒரு பிட்டுக்கு 200 மில்லிநொடி; தொடக்க, நிறுத்த பிட்டுகளையும் சேர்த்து 10 பிட்டுகள், ஆக 2 நொடி. இந்த முகவரியின் பிட்டுகள் இரண்டிரண்டாக மாறுவதால், கே லைன் 0.2 நொடி தாழ்ந்து, 0.4 உயர்ந்து, 0.4 தாழ்ந்து, 0.4 உயர்ந்து, 0.4 தாழ்ந்து, பிறகு உயர்ந்தே நிற்கும். உறை திறந்த அடாப்டரின் 7ஆம் பின்னில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மென்பொருளில் இணைப்பை அழுத்தினால் மின்னழுத்தம் மூன்று முறை இறங்கி ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தடுமாறினாலும் அசைவு தெரியும். முள் மீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு. அசைவே இல்லையென்றால் அழைப்பு வெளியே போகவில்லை. சாதாரண யுஎஸ்பி சிப்களால் 5 பாட் (நொடிக்கு 5 பிட்) வேகத்தை நேரடியாகத் தர முடியாது என்பதால், மென்பொருள் பிரேக் சிக்னலை (கம்பியைத் தாழ்நிலையில் பிடித்துவைக்கும் சீரியல் போர்ட்டின் வசதி) ஏற்றி இறக்கித்தான் இதைச் செய்கிறது. பிரேக்கைச் சரியாகக் கையாளாத சிப்போ டிரைவரோ இருந்தால் எதிரொலி வரும், அழைப்பு போகாது. எஃப்டி232 இதில் நம்பகமானது.

அழைப்பு போய்ச் சேர்ந்த பிறகு இசியு 10400 பாட் வேகத்தில் 55 என்ற பைட்டையும் இரண்டு திறவு பைட்டுகளையும் அனுப்பும். இரண்டாவது திறவு பைட்டைப் பெற்ற 25 முதல் 50 மில்லிநொடிக்குள் கணினி அதன் தலைகீழ் மதிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். பலரின் இணைப்பு இந்த இடத்தில்தான் உடைகிறது. எஃப்டி232 சிப், தன்னிடம் 62 பைட் சேரும் வரையோ ஒரு கால அளவு தீரும் வரையோ தரவைக் கணினிக்கு அனுப்பாமல் வைத்திருக்கும். அந்தக் கால அளவின் இயல்பு மதிப்பு 16 மில்லிநொடி. மூன்றே பைட்டுகள் ஒருபோதும் 62ஐ நிரப்பாது. எனவே ஒவ்வொரு முறையும் 16 மில்லிநொடி வரை வீணாகிறது. இயங்குதளத்தின் தாமதமும் சேர்ந்தால் 50ஐத் தாண்டிவிடும். விண்டோஸில் போர்ட் அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் லேட்டன்சி டைமர் என்ற இடத்தில் 16ஐ 1 ஆக மாற்றுங்கள். லினக்ஸில் அந்தப் போர்ட்டுக்கான சிஸ்எஃப்எஸ் கோப்புறையில் அதே பெயரில் உள்ள கோப்பில் 1 என்று எழுதினால் போதும். கேபிளை எடுத்துச் செருகினால் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும் என்பதை மறக்க வேண்டாம். "சில நேரம் இணைகிறது, சில நேரம் இல்லை" என்ற புகாருக்கு நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான்.

மெய்நிகர் கணினிக்குள் பழைய விண்டோஸை ஓட்டி அதிலிருந்து கேகேஎல் கேபிளை இயக்குவோருக்கும் இதே நேரக் கணக்கு தடையாகும். யுஎஸ்பியை உள்ளே கடத்தும் அடுக்கு கூடுதல் தாமதத்தைச் சேர்க்கிறது. கே லைனின் மற்றொரு நெறிமுறையான கேடபிள்யூபி2000இன் விரைவுத் தொடக்கம் இன்னும் கறாரானது: கே லைனை 25 மில்லிநொடி தாழ்த்தி, 25 மில்லிநொடி உயர்த்தி, உடனே செய்தியை அனுப்ப வேண்டும், ஒரு மில்லிநொடி அளவுக்கே பிசகு அனுமதி. முடிந்தவரை நேரடியாக நிறுவிய இயங்குதளத்தையே பயன்படுத்துங்கள். லினக்ஸில் 10400 வழக்கமான வேகப் பட்டியலில் இல்லை. விருப்ப வேகத்தை அமைக்கத் தெரிந்த மென்பொருளாக இருக்க வேண்டும்.

எல்ம் அடாப்டர் வைத்திருப்போருக்கு லேட்டன்சி டைமர் பொருட்டல்ல. நேரக் கணக்கு அதற்குள்ளேயே நடக்கிறது. அவர்கள் ஏடி எஸ்பி 3, 4, 5 என்று நெறிமுறையை ஒவ்வொன்றாகக் கைமுறையில் தேர்ந்து 0100 (எந்த அளவுகளைத் தர முடியும் என்ற கேள்வி) என்று கேட்டுப் பார்க்கலாம். 3 என்பது ஐஎஸ்ஓ 9141-2. 4 கேடபிள்யூபியின் மெதுவான தொடக்கம். 5 விரைவுத் தொடக்கம்.

அறிகுறி 5: "கேன் எரர்" அல்லது "யுனேபிள் டு கனெக்ட்"

கேன் காரில் தவறு நடக்கும் இடங்கள் குறைவு. ஏடி எஸ்பி 6 என்பது 11 பிட் அடையாளமும் 500 கிலோபிட் வேகமும் கொண்டது; 7 அதே வேகத்தில் 29 பிட். முதலில் இந்த இரண்டையும் முயன்று, பிறகு 250 கிலோபிட்டுக்கான 8, 9ஐப் பாருங்கள். எதிலும் பதில் இல்லையென்றால் இக்னிஷனை அணைத்து, காரின் கணினிகள் உறங்கும் வரை சில நிமிடங்கள் காத்திருந்து, சாக்கெட்டின் 6க்கும் 14க்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இணையாக இருப்பதால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 என்றால் ஒரு முனை விட்டிருக்கலாம். பூச்சியத்துக்கு அருகே என்றால் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. சாக்கெட்டுக்கும் இசியுவுக்கும் நடுவே கேட்வே என்ற இடைக்கணினி உள்ள கார்களில் இந்த அளவு மாறுபடக்கூடும் என்பதால், எண்ணை மட்டும் வைத்து வயரைப் பிரிக்கத் தொடங்காதீர்கள்.

அறிகுறி 6: இணைகிறது, சிறிது நேரத்தில் துண்டிக்கப்படுகிறது

எத்தனை நொடியில் என்று எண்ணுங்கள். நீங்கள் எதையும் கேட்காமல் விட்ட சுமார் 5 நொடியில் துண்டிக்கப்பட்டால் அது நெறிமுறையின் விதி: கே லைன் இசியு 5 நொடி வரை எந்தச் செய்தியும் வராவிட்டால் உரையாடலை முடித்துக்கொள்ளும். மென்பொருள் இடையிடையே "இருக்கிறேன்" என்ற செய்தியை அனுப்ப வேண்டும். இந்தக் கால அளவோடு தொடர்பில்லாமல், மடிக்கணினி ஓய்வில் இருக்கும்போது துண்டிக்கப்பட்டால் யுஎஸ்பி மின்சேமிப்பு அமைப்பை அணையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மட்டும் "எல்வி ரீசெட்" என்று வந்து அடாப்டர் மறுதொடக்கம் ஆனால் பேட்டரி மின்னழுத்தம் அந்த நொடியில் தாழ்ந்துபோகிறது. பேட்டரியையும் அதன் முனைகளையும் கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும், அதுவும் மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போது மட்டும் பிழைகள் பெருகினால் சார்ஜரைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

ஏடி ஆர்வி என்ற கட்டளை 16ஆம் பின்னில் அடாப்டர் காணும் மின்னழுத்தத்தைச் சொல்லும். மல்டிமீட்டர் காட்டுவதற்கும் அதற்கும் சிறு வித்தியாசம் இருக்கலாம்; ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கிரவுண்ட் பின்னின் தொடர்பு சரியில்லை என்று சந்தேகியுங்கள்.

அறிகுறி 7: "நோ டேட்டா", அல்லது எஞ்சின் பேசுகிறது, ஏபிஎஸ் பேசவில்லை

"நோ டேட்டா" என்பது கேட்ட அந்தக் கேள்விக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பது. முதலில் 0100 கேளுங்கள். எந்தெந்த அளவுகளைத் தன்னால் தர முடியும் என்ற பட்டியலை இசியு அதில் பிட்டுகளாகத் தருகிறது. பட்டியலில் இல்லாததைக் கேட்டால் பதில் வராது, அதற்கு அடாப்டரைக் குறை சொல்லப் பயனில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் போன்றவை ஓபிடி தரத்தின் உமிழ்வுக் கட்டளைகளுக்குப் பதில் தரக் கடமைப்பட்டவை அல்ல. தயாரிப்பாளரின் சொந்தக் கட்டளைகள் தெரிந்த மென்பொருள் வேண்டும். சில தயாரிப்புகளில் அவற்றின் கே லைன் 7ஆம் பின்னுக்கு வராமல் வேறு பின்னுக்குப் போகும். அங்கே தனி இணைப்பு வயர் தேவை.

இணைப்பு நிலையாகும் வரை பிழைக்குறியீடுகளை அழிப்பதையும், இசியுவில் எந்த மதிப்பையும் எழுதுவதையும் ஒத்திவையுங்கள். படிக்கும்போது அறுந்தால் மறுபடி படிக்கலாம். எழுதும்போது அறுந்தால் கார் நின்ற இடத்திலேயே நின்றுவிடக்கூடும். இக்னிஷனை நெடுநேரம் போட்டுவைத்து வேலை செய்வதாக இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜரை இணைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 8: எண்கள் வருகின்றன, ஆனால் நம்ப முடியவில்லை

0105 என்று கேட்டு எஞ்சின் குளிர்நீர் வெப்பநிலையைப் பெறுங்கள். பதில் 41 05 44 என்று வந்தால், பதினாறடிமான 44 என்பது நம் கணக்கில் 68; அதிலிருந்து 40ஐக் கழித்தால் 28 டிகிரி செல்சியஸ். இரவு முழுவதும் நின்ற காரில் இந்த எண் சுற்றுப்புற வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறச் சூடேற 41 05 73, அதாவது 75 டிகிரி, என்று சீராக ஏற வேண்டும். இப்படி ஏறினால் மூன்று துண்டுகளும் சரியாக வேலை செய்கின்றன. 41 05 00 என்று மைனஸ் 40 டிகிரி அசையாமல் நின்றால், அது பெரும்பாலும் வெப்பநிலை சென்சாரின் வயர் விட்டுப்போனதன் அடையாளம். அடாப்டர் உண்மையைத்தான் சொல்கிறது. மடிக்கணினியை மூடிவிட்டு பானெட்டைத் திறந்து, அந்தச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.